திருவிழாவும் நித்திய விளக்கும்

மனிதனுக்குக் கையில் இருக்கும் பொருளைவிடக் கைக்கு வரப்போகும் பொருளின்மேல் ஆசை அதிகம். பத்தாயத்தில் நெல் கிடக்கும். பேச்செல்லாம் வயலில் நிற்கும் பயிரைப் பற்றி இருக்கும். இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்ப்பு என்ற ஒன்று இல்லாவிட்டால் வாழ்க்கையின் சுவையில் பாதி போய்விடும். ஆனால் ஒருவன் எதை எதிர்பார்க்கிறான் என்று கூர்ந்து கவனித்தால், அவன் எதையெல்லாம் மறந்துவிட்டான் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

சங்கரன்கோவிலில் எனக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள். பழைய திரைப்படங்கள்தாம் அவர்கள் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் செல்வம். ஒருவர் விசைத்தறி வைத்திருப்பவர். சிவாஜி கணேசனின் பரம பக்தர். மற்றொருவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எம்.ஜி.ஆர். நடிக்காத படத்தைப் படம் என்றே ஒப்புக்கொள்ளாதவர். மூன்றாமவர் தமிழாசிரியராக இருந்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘சார்வாள்’. நான்காமவர் கொட்டகையில் முப்பது ஆண்டுக் காலம் புரொஜெக்டர் ஓட்டிய ஆபரேட்டர். இவர்கள் வீடுகளில் பாட்டுப் புத்தகங்கள், சுவரொட்டிகள், துண்டு நோட்டீசுகள், இசைத்தட்டுகள், வீடியோ நாடாக்கள், குறுந்தகடுகள் எல்லாம் அலமாரி அலமாரியாக அடுக்கிக் கிடக்கின்றன. வீட்டுப் பெண்களுக்கு அந்த அலமாரிகளின்மேல் இருக்கும் கோபத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

மாலை வேளையில் ரத வீதியில் ஒரு கடைத் திண்ணையில் இவர்கள் கூடிவிட்டால் பேச்சு ஒன்றுதான். “அடுத்தது எது?” எந்தப் பழைய படத்தை அடுத்தபடியாகத் தூசு தட்டி எடுக்கப் போகிறார்கள்? எந்தப் படத்தின் கீறல்களை நீக்கி, நிறத்தைத் திருத்தி, ஒலியைத் துலக்கி மீண்டும் திரைக்கு விடுவார்கள்? எந்தப் படத்தை அழகிய பெட்டியில் வைத்து, அதை எடுத்த கதையையும் புகைப்படங்களையும் சேர்த்துச் சிறப்புப் பதிப்பாக விற்பார்கள்?

“இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் ‘உத்தம புத்திரன்’ வந்தே தீரும், பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்பார் தறிக்காரர்.

“‘நாடோடி மன்னன்’ இருக்கும்போது அதை எவன் தொடுவான்?” என்பார் வங்கிக்காரர். இரண்டும் 1958இல் வந்த படங்கள். அந்த ஆண்டின் வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

“‘சந்திரலேகா’வை மறந்துட்டீங்களே!” என்று சார்வாள் நடுவே புகுவார். ஆபரேட்டர் மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்.

இந்த ஊகங்கள் வெறும் ஆகாயக் கோட்டைகள் அல்ல. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் புதுப்பித்து 2012 மார்ச்சு மாதத்தில் வெளியிட்டபோது, புதுப் படங்களே ஒரு வாரத்தில் மூச்சுத் திணறும் காலத்தில், அது நூறு நாளைத் தாண்டி ஓடியது. தறிக்காரர் அதைப் பதினோரு முறை பார்த்தார். 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் மீண்டும் வந்து சென்னையில் வெள்ளி விழாக் கண்டது. வங்கிக்காரர் சென்னைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 2004இல் வந்த ‘கில்லி’ 2024இல் திரும்பி வந்தபோது இவர்களுடைய பேரப்பிள்ளைகள் கொட்டகையில் எழுந்து நின்று ஆடினார்கள். பழையது புதிதாக வரும் என்பதற்கு இவர்களிடம் வேண்டிய சாட்சி இருக்கிறது.

இவர்கள் வாதாடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்த் தலபுராணம்தான் நினைவுக்கு வரும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். சிவனே பெரியவன் என்றான் ஒருவன். திருமாலே பெரியவன் என்றான் மற்றவன். வழக்கு அம்பிகையிடம் போயிற்று. கோமதியம்மன் ஊசிமுனையில் தவம் இருந்தாள்; இறைவன் பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் காட்சி தந்தான். ஆடித்தபசு என்று ஆண்டுதோறும் ஊர் கொண்டாடுவது அந்தக் காட்சியைத்தான்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சங்கனும் பதுமனும் ஒன்றைக் கவனிப்பதில்லை. ‘கர்ணன்’ படத்தை இயக்கியவரும் பி.ஆர். பந்துலுதான், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை இயக்கியவரும் அதே பந்துலுதான். இதை நான் சொன்னபோது இருவரும் ஒரு கணம் திகைத்தார்கள். மறுகணம், பந்துலு எந்தப் படத்தை மனம் வைத்து எடுத்தார் என்று அடுத்த வழக்கைத் தொடங்கிவிட்டார்கள்!

அது போகட்டும். இவர்களுடைய பட்டியலில் ஒருமுறைகூட இடம்பெறாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நடனக் கலைஞர் உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து, 1948இல் வெளியிட்ட ‘கல்பனா’ என்ற இந்திப் படம் அது. அதே ஜெமினியில் உருவாகி அதே ஆண்டில் வந்த ‘சந்திரலேகா’ நாடெங்கும் கொடிகட்டிப் பறந்தது. ‘கல்பனா’ பெட்டிக்குள் போய் முடங்கியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் வெளிநாட்டார் முன்வந்து அதைப் புதுப்பித்தார்கள். இத்தாலியில் பொலோனியா நகரத்துக் கூடத்தில் அந்த வேலை நடந்தது. 2012இல் பிரான்சில் கான் திரைப்பட விழாவில் அதைக் காட்டினார்கள். 2022இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அதைத் தன் சிறப்புப் பதிப்புத் தொகுப்பு ஒன்றில் சேர்த்து வெளியிட்டது. சென்னையில் பிறந்து தோற்றுப் போன குழந்தைக்கு எங்கோ கடல் கடந்து பட்டாபிஷேகம் நடந்தது. நம் ஊகக்காரர்களில் ஒருவராவது இதை நினைத்திருப்பாரா?

எப்படி நினைக்க முடியும்? நாம் விரும்பியதைத்தான் ஊகிக்கிறோம். விரும்பாததைப் பற்றி ஊகம் எழுவதில்லை. ஆனால் ‘கல்பனா’ திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? யாரோ ஒருவர், தோற்றுப் போன அந்தப் படத்தின் பிரதியை, தோற்றது என்று தெரிந்தே வைத்திருந்தார். காரணம் அவ்வளவுதான்.

வைத்திருக்க ஆள் இல்லாத படங்களின் கதி என்ன? சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னாட்டின் முதல் கதைப்படம். இன்று அதில் ஓர் அடிகூடக் கிடையாது. தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது; அதுவும் இல்லை. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே இயக்கினார். ஒரு தமிழ்ப் பெண் கேமராவுக்குப் பின்னால் நின்று உலகத்தை எப்படிப் பார்த்தாள் என்று அறிய நமக்கு ஆவல் இருக்கலாம். ஆவல் இருந்து என்ன பயன்? படம் இல்லை. இந்தப் படங்களுக்குச் சிறப்புப் பதிப்பு வருமா என்று திண்ணையில் யாரும் வாதாடுவதில்லை. வாதாட அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

இவற்றை யாரும் பகைத்து அழித்துவிடவில்லை என்பதுதான் வேதனை. எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படச் சுருளில் வெள்ளிச் சத்து உண்டு. ஓடி முடிந்த படத்தைக் கரைத்து வெள்ளி எடுத்தால் காசு. பழங்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும்; கிடங்கில் வைத்திருப்பதே ஆபத்து. இடம் இல்லை, வாடகை கட்டுபடியாகவில்லை, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்பவை வேறு காரணங்கள். ஒவ்வொன்றும் அந்த அந்த நாளில் அறிவுள்ள பேச்சாகவே இருந்திருக்கும்.

சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் போகிற சாலையில் சில கல் தொலைவில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்த ஊருக்குப் போனார். வரகுண பாண்டியருடைய சுவடிகள் அந்தக் கோவிலில் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அங்கே போய்க் கேட்டபோது, பழுதுபட்ட ஏடுகளை நெருப்பில் இட வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று கூறி, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இந்தச் செய்தியை ஐயரே தம் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோவில்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். பக்தியோடுதான் செய்தார்கள். தமிழுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் சில, பக்தியோடும் சிக்கனத்தோடும் செய்யப்பட்டவை.

இனி, பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆபரேட்டரிடம் வருகிறேன். ஒரு நாள் அவர் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் திண்ணைக்குக் கொண்டு வந்தார். எங்கோ ஒரு கொட்டகையை இடித்தபோது இரும்புக் கடைக்கு எடைக்குப் போட வைத்திருந்த குவியலிலிருந்து எடுத்து வந்ததாம். மூடியைத் திறந்ததும் புளித்த காடியின் நெடி குப்பென்று எழுந்தது. அசிடேட் சுருள் கெடத் தொடங்கினால் அப்படித்தான் நெடி வரும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அந்தப் புளிப்பே மேலும் மேலும் அரித்துக்கொண்டு போகும். பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள அறையில் வைத்தால் அந்த அழிவைத் தள்ளிப் போடலாம். கரிசல் காட்டு வெயிலில் அதற்கு எங்கே போவது?

“என்ன படம் அண்ணாச்சி?” என்று இருவரும் ஆவலோடு குனிந்தார்கள்.

“தெரியல. நடுச்சுருளு. பேரு போடற பாகம் இதுல இல்ல.”

1,000 அடிச் சுருள் அது. ஓர் அடிக்கு 16 படங்கள். ஓட்டினால் 11 நிமிஷம். பூதக்கண்ணாடி வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சிவாஜி இல்லை. எம்.ஜி.ஆர். இல்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வங்கிக்காரர் நிமிர்ந்துவிட்டார். “கதாநாயகன் யாருன்னே தெரியாத படத்தை வச்சு என்ன செய்ய? வாடை வேற வருது. மூடுங்க” என்றார்.

ஆபரேட்டர் மூடவில்லை. “என் காலம் வரைக்கும் நான் வச்சிருப்பேன். அதுக்கப்புறம் இதை யாரு வச்சிருப்பா? அதைக் கேக்கத்தான் கொண்டாந்தேன்” என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. தறிக்காரர் மட்டும் மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் சுருளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கை நின்றது. கதைக்குச் சம்பந்தமே இல்லாத காட்சியாக இருக்க வேண்டும்; யாரோ இரண்டு பேர் ஒரு தெரு வழியே நடந்து போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தத் தெருவின் நீளத்துக்கும் பாவு விரித்திருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள் இருபுறமும் நின்று கஞ்சி தோய்ந்த நூலை நீவிக்கொண்டிருக்கிறார்கள்.

“எங்க அய்யா இப்படித்தான் விடியக்காலம் தெருவுல பாவு போடுவாரு” என்றார் தறிக்காரர். குரல் மாறியிருந்தது. “வெயிலு ஏறதுக்கு முன்னால முடிச்சிரணும்னு எங்களையெல்லாம் எழுப்பி விடுவாரு. இந்தத் தெரு எந்தத் தெருவோ தெரியல. ஆனா இந்த வேலையை இனிமே எவன் காட்டப் போறான்?” விசைத்தறி வந்த பிறகு தெருவில் பாவு விரிக்கும் காட்சி அந்த ஊரில் மறைந்துவிட்டது. அவருடைய பிள்ளைகள் அதைக் கண்ணால் கண்டதில்லை.

பதினோரு முறை ‘கர்ணன்’ பார்த்தவர், பெயர் தெரியாத படத்தின் மூன்று நான்கு விநாடிகளைப் பூதக்கண்ணாடி வழியே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ‘அடுத்தது எது’ என்ற பேச்சே எழவில்லை.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதில் ஓர் உண்மை விளங்கிற்று. நாம் எதை விரும்புகிறோம் என்பது நமக்குத் தெரியும். நாளைக்கு எதை விரும்பப் போகிறோம் என்பது நமக்கே தெரியாது. நம் பேரன்மார் எதைத் தேடித் தவிக்கப் போகிறார்கள் என்பது அறவே தெரியாது. அவ்வளவு தெரியாதவர்களாகிய நாம், ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று பொறுக்கி எடுத்து மற்றவற்றைத் தீயில் இடுவது எந்தத் துணிவில்?

இதே வழக்கை உலகத்துச் சங்கனும் பதுமனும் முன்பே பேசியிருக்கிறார்கள். 1936இல் பாரிஸில் சினிமாதேக் என்ற திரைப்படக் களஞ்சியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன்றி லாங்லுவா, கிடைத்ததையெல்லாம் சேர்க்க வேண்டும், நல்லது கெட்டது பார்க்கக் கூடாது என்றார். சேர்த்ததை உடனே ஊருக்குப் போட்டும் காட்டினார். லண்டனில் எர்னஸ்ட் லிண்ட்கிரென் வேறு கட்சி. எல்லாவற்றையும் காக்கப் பணம் ஏது? தேர்ந்தெடுப்போம், தேர்ந்ததைச் செம்மையாகக் காப்போம், காப்புப் பிரதியைத் திரையில் ஓட்டித் தேய விடக் கூடாது என்றார். லாங்லுவாவின் சேர்க்கையில் ஒரு பகுதி 1959இல் தீக்கு இரையாயிற்று. சேர்ப்பது மட்டும் காப்பது ஆகாது என்பதற்கு அது பாடம். ஆனால் தேர்ந்தெடுத்துக் காத்தவர்கள் தேராமல் விட்டது எவ்வளவு என்பதற்குக் கணக்கே இல்லை; இல்லாமற் போனதை யார் எண்ணிப் பார்ப்பது?

நம் நாட்டில் பி.கே. நாயர் லாங்லுவாவின் கட்சி. 1964இல் புனேயில் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அவர் கட்டி வளர்த்தார். கிடைத்த சுருளையெல்லாம் தேடித் தேடிக் கொண்டுவந்தார். சென்னையிலே பிலிம் நியூஸ் ஆனந்தன் வெளிவந்த தமிழ்ப் படம் ஒவ்வொன்றின் விவரத்தையும் புகைப்படத்தையும், ஓடியது ஓடாதது என்று பாராமல் சேர்த்தார். இருவரும் 2016 மார்ச்சு மாதத்தில், சில நாள் இடைவெளியில் மறைந்தார்கள். புகழ் பெற்ற படங்களைப் பாராட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புகழ் பெறாதவற்றுக்கும் ஒரு வரி எழுதி வைக்க இப்படி இரண்டொருவர்தாம் வாய்க்கிறார்கள்.

‘சோற்றுக்கு வழி இல்லாதவர் இருக்கும் நாட்டில் உளுத்த படச் சுருளுக்கா செலவு?’ என்று வாசகர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2022இல் மத்திய அரசு ஏறத்தாழ 2,200 படங்களைப் புதுப்பிக்க ரூ.363 கோடி என்று அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு படத்துக்குப் 16 லட்சத்துக்கு மேல் ஆகிறது. எந்த நாடும் எல்லாப் படத்துக்கும் இப்படிச் செலவு செய்ய இயலாது. ஆகவே அந்தந்த மொழிக்குக் குழு அமைத்துப் படங்களைத் தேர்ந்தார்கள். அதுவும் ஒருவகையில் நம் திண்ணைப் பேச்சைப் பெரிய அளவில் நடத்துவதுதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கே இரண்டு செயல்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். புதுப்பித்து அலங்கரிப்பது ஒன்று. கெடாமல் வைத்திருப்பது மற்றொன்று. முன்னதற்கு லட்சங்கள் வேண்டும். பின்னதற்குக் குளிர்ந்த அறை ஒன்றும், பெட்டியின்மேல் ஒரு சீட்டும், அவ்வப்போது திறந்து பார்க்கும் பொறுப்புள்ள மனிதரும் போதும். அதற்கும் செலவு உண்டு. ஆனால் அது பல பெட்டிகளுக்குச் சேர்ந்து பகிர்ந்து போகும் செலவு. அலங்காரத்துக்குத் தேர்வு வேண்டியதுதான். உயிரோடு இருப்பதற்கும் தேர்வு எழுத வேண்டும் என்றால் அது அறம் ஆகாது. இருப்பதை எப்போது வேண்டுமானாலும் அலங்கரித்துக்கொள்ளலாம். இல்லாததை என்ன செய்வது?

நண்பர்களின் ஊகத்தை நான் இகழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘கர்ணன்’ அவ்வளவு நாள் ஓடியிராவிட்டால், பழைய படத்தின்மேல் பணம் போட இன்னொருவர் துணிந்திருக்க மாட்டார். ஆசை இருக்கிற இடத்தில்தான் சந்தை. சந்தை இருக்கிற இடத்தில்தான் சிலவற்றுக்கு வாழ்வு. ஆசை தன் வேலையைச் செய்யட்டும். கடமையின் வேலையையும் ஆசையே செய்துவிடும் என்று நம்பி நாம் சும்மா இருந்துவிடக் கூடாது.

அந்தப் பெட்டியை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். புனேக்கு எழுதி, முறைப்படி அங்கே சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. போக்குவரத்துச் செலவு தம்முடையது என்றார் தறிக்காரர். “பாதி என்னது” என்றார் வங்கிக்காரர். அதற்கும் சற்று நேரம் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் சிவாஜியும் எம்.ஜி.ஆரும் இல்லை.

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவிலில் எள் போட்டால் எள் விழாது. அலங்காரம், கொட்டு மேளம், காட்சிக்காக ஏங்கி நிற்கும் லட்சம் கண்கள் என்று எல்லாம் உண்டு. அது வேண்டியதுதான், ஊருக்கே அது உயிர். ஆனால் ஆண்டில் மற்ற நாட்களிலும் உள்ளே ஒரு விளக்கு எரிகிறது. அதற்கு எண்ணெய் ஊற்றுகிறவர், இன்றைக்கு யார் கும்பிட வருவார், எத்தனை பேர் வருவார் என்று ஊகித்துக்கொண்டு ஊற்றுவதில்லை. வருகிறவர் இருளில் நிற்கக் கூடாது என்று ஊற்றுகிறார். அந்த விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த திருவிழாவுக்கு எந்த வாகனம் வரும் என்று நாம் வாதாடிக்கொண்டிருந்தால், திருவிழா வரும்போது உள்ளே சாமி இருக்காது.